சைக்கிளைக் கவிழ்த்து வைத்த காலம்: யாழ்ப்பாணத்தில் ஆறு நாள்

முதல் நாள்: பலாலி

சென்னையில் ஏறி உட்கார்ந்து கண்ணயர்வதற்குள் இறங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். சின்ன விமானம். இறக்கையில் விசிறி சுற்றுவது சன்னல் வழியாகவே தெரிகிறது. கீழே கடல், அப்புறம் பனைமரத் தலைகள், அப்புறம் செக்கச் செவேலென்று மண்.

நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். படித்தது ராமநாதபுரம் மாவட்டத்தில். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மண்டபம் இலங்கை அகதி முகாமிலிருந்து வந்த பெண். நோட்டின் அட்டை உள்பக்கத்தில்கூட எழுதுவாள். இரண்டு கோட்டுக்கு நடுவே இரண்டு வரி. "ஏன்டி இப்படி நெருக்கி எழுதுற?" என்று ஒருநாள் கேட்டேன். "பழக்கம்" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எவ்வளவோ போர்களை வகுப்பில் நடத்தியாகிவிட்டது. எந்த ஆண்டு, எந்த உடன்படிக்கை, எந்தத் தளபதி என்று எல்லாம் ஒப்பிப்பேன். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரியாமலே இருந்தது. கோடை விடுமுறையில் ஆறு நாள் கிடைத்தது, கிளம்பிவிட்டேன்.

பலாலி விமான நிலையமே ஒரு பாடம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படை போட்ட ஓடுதளம் இது. 1990க்குப் பிறகு சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் எல்லாம் கிளப்பப்பட்டு, இந்தப் பக்கம் முழுக்க உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. நிலம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே வந்து ஆட்டோவில் போகும்போது பார்த்தேன். கூரையில்லாத வீடுகள், சுவரைப் பிளந்து நிற்கும் ஆலமரங்கள், பக்கத்திலேயே புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வீடு ஒன்று. ஆட்டோக்காரர் ஒரு கையால் காட்டினார்: "உதில எங்கட சித்தப்பாவின்ர வளவு." நான் திரும்பிப் பார்ப்பதற்குள் தாண்டிவிட்டோம். வளவு என்றால் வீடும் தோட்டமும் சேர்ந்த இடம். அங்கே வெறும் புதர்தான் இருந்த மாதிரி இருந்தது.

எனக்கு நானே சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறேன். யார் பெயரையும் எழுதுவதில்லை. போனில் பதிவு செய்வதில்லை, நோட்டுதான். "நீங்கள் எந்தப் பக்கம்" என்று கேட்பதில்லை. சண்டையைப் பற்றிக் கேட்காமல் சாமான்களைப் பற்றிக் கேட்பது. விளக்கு எப்படி எரிந்தது, துணி எதில் துவைத்தீர்கள், இந்த மாதிரி. பெரிய கேள்வி கேட்டால் ஆட்கள் மேடைப் பேச்சுக்குப் போய்விடுகிறார்கள், அது எந்த ஊரானாலும்.

இரண்டாம் நாள்: கோண்டாவில்

நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவின் சொந்தக்காரர் ஒருவர் ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியர். எழுபத்தெட்டு வயது. இங்கே ஆண் ஆசிரியர் என்றால் மாஸ்டர், பெண் என்றால் ரீச்சர். நானும் ஆசிரியை என்று தெரிந்ததும் என் பெயர் போய் ரீச்சர் ஆகிவிட்டேன். "வாங்கோ ரீச்சர், உந்தக் கதிரையில இருங்கோ." முற்றத்தில் ஒரு மாமரம், அதன் கீழே மூன்று பிளாஸ்டிக் கதிரை. நாற்காலியைக் கதிரை என்பது இரண்டாம் நாளே எனக்கும் பழகிவிட்டது.

நான் விளக்கைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம், மாஸ்டர் உள்ளே போய் ஒரு ஜாம் போத்தலோடு வந்தார். சிக்கன விளக்கு என்று பெயராம். 1990 ஜூனில் ராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியதும் மின்சாரம் போனது, வருடக்கணக்கில் வரவில்லை. அரசின் பொருளாதாரத் தடை வேறு. பெட்ரோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, உரம் எதையும் குடாநாட்டுக்குள் விடமாட்டார்கள். மண்ணெண்ணெய் மட்டும் கூப்பன் அட்டைக்குச் சங்கக்கடையில் எப்போதாவது அளந்து கொடுப்பார்கள். அந்த நேரத்தில் வந்ததுதான் இந்த விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய், கம்பியில் நிற்கும் ஒரு சின்னத் திரி. போத்தலே சிம்னி. வழக்கமான விளக்கு குடிப்பதில் ஒரு சிறு பங்கைத்தான் குடிக்கும். உயர்தரப் பரீட்சைக்கு (நம் பிளஸ் டூ மாதிரி) படித்த பிள்ளைகள் எல்லாம் இதைச் சுற்றி உட்கார்ந்துதான் படித்தார்களாம். "ஒரு விளக்குக்கு நாலு தலை. முன்னால குனிஞ்சவன்ர மயிர் பொசுங்கும்" என்று சொல்லிச் சிரித்தார்.

அடுத்தது மோட்டார் சைக்கிள். மண்ணெண்ணெய் சுலபத்தில் ஆவியாகாது, குளிர்ந்த எஞ்சினில் பிடிக்காது. அதனால் கார்புரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு உதைத்துக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அந்தச் சில துளி பெட்ரோல் பொன் மாதிரி. சட்டைப்பையில் சின்னப் போத்தலில் கொண்டு திரிவார்களாம். பழைய ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் கார்களும் இப்படியே ஓடியிருக்கின்றன. தெருவில் வெள்ளைப் புகை. "கலியாண மாப்பிள்ளை வந்து இறங்கினால் செண்ட் மணக்காது, மண்ணெண்ணெய்தான் மணக்கும்."

அப்புறம் ரேடியோ. மாஸ்டரின் கண் இதில்தான் நன்றாக விரிந்தது. சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். நாலு பற்றரி போடும் ரேடியோவுக்கும் வேண்டியது அதே 6 வோல்ட். ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம். (நம் பாடப்புத்தகத்தில் மாறுதிசை மின்னோட்டம் என்று நீட்டி முழக்குவோம். ஆடலோட்டம் எவ்வளவு அழகான சொல்!) பழுதான ரேடியோவிலிருந்து ஒரு டையோடைக் கழற்றி நடுவே போட்டு நேரோட்டம் ஆக்க வேண்டும். என் நோட்டில் அவர் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன்: "சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்த, ரேடியோ பாடும்." சீராகச் சுற்ற வேண்டுமாம். வேகம் குறைந்தால் குரல் அமர்ந்து போகும். இரவு 9.15க்குப் பிபிசி தமிழோசை, அரை மணி நேரம். அதுபோக மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலி. ஊரே கேட்டது இந்த இரண்டையும்தான் என்றார்.

பங்கர் (பதுங்குகுழி) எப்படி வெட்டுவது என்று மண்ணில் குச்சியால் படம் போட்டுக் காட்டினார். நேராக வெட்டக் கூடாது, ஒரு முடக்கு வேண்டும். வாசலில் ஷெல் விழுந்தால் சிதறல் உள்ளே நேரே வராது. மேலே பனங்குற்றி அடுக்கி, மண் மூட்டை. எத்தனை ஆயிரம் பனைகள் பங்கருக்காகவே விழுந்தன என்று யாரும் எண்ணவில்லை. மழைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும், பாம்பும் வரும். வானத்தில் சத்தம் கேட்டதுமே பொம்மரா, ஹெலியா, சகடையா என்று சின்னப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்களாம். சகடை என்பது அவ்ரோ விமானத்துக்கு ஊர் வைத்த பேர்.

சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தைப் பிசைந்து துணி துவைத்தது, சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தது, தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு நாள் ஓட்டியது என்று நோட்டில் பதினாறு பக்கம் நிரம்பிவிட்டது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். இதைத்தானே தேடி வந்தேன்!

கிளம்பும்போது மாஸ்டரின் மனைவி, அவரும் எழுபதைத் தாண்டியவர், குசினி (சமையலறை) வாசலில் நின்று சொன்னார்: "அவர் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார். விடிய எழும்பி உந்தப் போத்திலுக்குச் சாம்பல் போட்டுக் கரி கழுவினது நான்." மாஸ்டர் அதற்கும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

மூன்றாம் நாள்: தாளும் ஆஸ்பத்திரியும்

காலையில் பொது நூலகம். வெள்ளை வெளேரென்று நிற்கிறது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்ததில் போனவை ஏறக்குறைய 97,000 புத்தகங்கள், அவற்றோடு திரும்பக் கிடைக்காத ஓலைச்சுவடிகளும். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. வாசிப்பு மேசையில் பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தூங்கி வழிந்தாள்.

மத்தியானம் ஒரு நண்பரின் நண்பர் வீட்டில் தடைக்காலத்துப் பத்திரிகைகள் பார்த்தேன். ஒரு பெட்டகம் நிறைய வைத்திருக்கிறார். உதயன் பத்திரிகை, கோடு போட்ட தாளில்! பத்திரிகைத் தாள் வராததால் பள்ளிக் கொப்பிக்கு வைத்திருந்த தாளில் அச்சடித்திருக்கிறார்கள். நீலக் கோடுகளுக்கு மேலேயே செய்தி ஓடுகிறது. தாள் அவ்வளவு அருமை என்றால் கொப்பி என்ன பாடு பட்டிருக்கும்? என் ஆறாம் வகுப்புத் தோழியின் இரண்டு வரி எழுத்து கண் முன்னால் வந்து நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

வரலாறு தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு மூலைகளைப் பாருங்கள். மரண அறிவித்தல், பள்ளி அறிவித்தல், கோயில் திருவிழா அறிவித்தல். இடம்பெயர்ந்து வந்த பள்ளிக்குக் கட்டடம் இருக்காது. இன்னொரு பள்ளியில் காலையில் அவர்கள், பின்னேரம் இவர்கள் என்று வகுப்பு மாறும். ஒரு ஊர் எங்கே பெயர்ந்தது என்பது அந்த நேர அட்டவணையிலேயே தெரிந்துவிடும். 2005ல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் பழைய இதழ்கள் ஏராளமாக இருக்கின்றன, ஊரிலிருந்தே பார்க்கலாம். ஆனால் அந்த நீலக் கோட்டைத் தொட்டுப் பார்ப்பது தனி.

பெட்டகக்காரர்தான் திடீரென்று கேட்டார். "ரீச்சர் இந்தியாதானே? 87 ஐப் பற்றி ஒண்டும் கேக்கேல்லயே?" உண்மைதான், நான் கேட்கவில்லை. என் கேள்விகள் எல்லாம் 1990க்குப் பிறகே தொடங்குகின்றன. 1987 ஜூலை கடைசியில் இந்தியப் படை இங்கே வந்தது, அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டது, 1990 மார்ச்சில் திரும்பிப் போனது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அந்தப் படை நுழைந்து சுட்டதில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் செத்தார்கள். சாயங்காலம் அந்த ஆஸ்பத்திரி வழியாக நடந்தேன். உள்ளே போகவில்லை. எதிரே பழக்கடையில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஒரு கூட்டம் நோயாளி பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.

நான் எந்த ஆண்டிலிருந்து கேட்கத் தொடங்கினேன் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

நான்காம் நாள்: சந்தையும் நாவற்குழியும்

திருநெல்வேலிச் சந்தை. (நம் திருநெல்வேலி இல்லை, இங்கேயும் ஒன்று இருக்கிறது.) முருங்கைக்காய்க் கட்டுகளை அடுக்கி உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அறுபது இருக்கும். யாவாரம் மந்தமான நேரம். பக்கத்தில் குந்தினேன். சுமுகமாகத்தான் தொடங்கியது. விளக்கு, சவர்க்காரம், கூப்பன். நான் ஆர்வத்தோடு, "ரேடியோவுக்குச் சைக்கிள் டைனமோதானே?" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். "பிள்ளை, எங்களிட்டச் சைக்கிளே இல்லை. பிறகெங்க டைனமோ?"

அப்புறம் அவரே சொன்னார். ரேடியோ கேட்க வேண்டுமென்றால் ஒழுங்கையில் பெரிய வீட்டு வேலிக்கு வெளியே நிற்பார்கள். கிடுகு வேலி, சத்தம் வெளியே வரும். உள்ளே கூப்பிடமாட்டார்களா? "கூப்பிடமாட்டினம்." பங்கருக்குள்? "பொம்மர் வந்தால் எல்லாரும்தான். போனாப் பிறகு வெளியால வந்திடுவம்." அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை, முருங்கைக்காயைத் தண்ணீர் தெளித்து நனைத்தார். சாதி என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்குமே அது தெரிந்த சங்கதி.

1995 அக்டோபர் 30 பற்றி அவராகத்தான் தொடங்கினார். ராணுவம் நெருங்கி வந்துகொண்டிருந்தது. எல்லோரும் வெளியேற வேண்டுமென்று புலிகள் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். யாழ்ப்பாண நகரத்தைச் சுற்றிய வலிகாமம் முழுக்க, நாலைந்து லட்சம் பேர், கிழக்கே இருக்கும் தென்மராட்சியைப் பார்த்து ஒரே இரவில் நகர்ந்தார்கள். நகரத்திலிருந்து நாவற்குழிப் பாலம் பத்துக் கிலோமீட்டருக்குள்தான். விடிய விடிய நடந்தும் அதைத் தாண்ட முடியாதவர்கள் உண்டு. கால் வைக்க இடமில்லை, அப்படியொரு நெரிசல். மழை. இவர் நடக்க முடியாத தாயோடு, இரண்டு பிள்ளைகளோடு போயிருக்கிறார். தாயை வண்டிலில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டால் இடமில்லை என்றுவிட்டார்கள். "வண்டில் நிறையச் சாமான். தையல் மெஷின், கதிரை, எல்லாம். மனுசருக்கு இடமில்லை."

தாகத்துக்குக் குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத் தண்ணீர் குடித்தார்களாம். தென்மராட்சியில் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அங்கே தண்ணீர்? "கிணறு இருந்தது. எல்லாரையும் அள்ள விட்டவை எண்டு நினைக்கிறியளோ?"

நான் முருங்கைக்காய் இரண்டு கட்டு வாங்கினேன். சமைக்க எனக்கு அடுப்பே இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

பின்னேரம் பஸ் பிடித்து நாவற்குழிப் பாலத்தில் போய் நின்றேன். இரண்டு பக்கமும் கடல்நீரேரி, காற்று ஆளைத் தள்ளுகிறது. லாரிகள் ஓயாமல் போகின்றன. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வெறும் பாலம்தான்.

இரவு பதினாறு பக்கத்தையும் மறுபடி படித்தேன். சாமர்த்தியக் கதைகள். எல்லாம் உண்மை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்வதற்கென்றே ஒரு ஊர் சில கதைகளைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கும் போலிருக்கிறது. "எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டால் சமாளித்தவர்கள்தான் பதில் சொல்வார்கள். நாளையிலிருந்து ஒரு கேள்வியைக் கூட்டியிருக்கிறேன்: யார் வீட்டில் அது இருக்கவில்லை?

ஐந்தாம் நாள்: ஐந்து சந்தி

அந்தக் கேள்வியோடு முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருப் பக்கம் போனேன். அக்டோபர் 30 என்ற தேதி இங்கேயும் உண்டு, ஆனால் ஐந்து வருடம் முந்தி. 1990 அக்டோபர் 30 காலையில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒஸ்மானியா கல்லூரி மைதானத்துக்கு வரச் சொன்ன புலிகள், இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்றார்கள். அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் அப்படி வெளியேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்தது புத்தளம்.

தையல்கடைக்காரர் ஒருவர் பேசச் சம்மதித்தார். காஜா எடுத்துக்கொண்டே பேசினார், நிமிரவில்லை. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. சோதனைச் சாவடியில் நகையும் காசும் வாங்கிக்கொண்டார்கள், உம்மாவின் காதில் கிடந்ததுகூட. மாற்று உடுப்போடு லாரியில் ஏறினார்கள்.

நான் சிக்கன விளக்கைப் பற்றிக் கேட்டேன். வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னார்: "அந்த விளக்குக் காலத்தில நாங்கள் இஞ்ச இருந்தது நாலு மாசம். மிச்சம் எனக்குத் தெரியாது. நீங்கள் அவையளிட்டத்தான் கேக்கோணும்." அவருடைய போர்க்காலம் வேறு இடத்தில் நடந்திருக்கிறது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டில், வரிசையில் நின்று வாங்கும் நிவாரண அரிசி, குடிக்கத் தண்ணீர் தேடும் அலைச்சல், அவர்கள் வந்து தங்கள் வேலையையும் பள்ளிக்கூடத்தையும் பங்கு கேட்கிறார்கள் என்று முகம் சுளித்த உள்ளூர்க்காரர்கள். அங்கே ஷெல் விழவில்லை, பொம்மர் வரவில்லை. ஆகவே அதைப் போர் என்று யாரும் எழுதுவதுமில்லை.

2002ல் சமாதானம் வந்து பாதை திறந்ததும் பார்க்க வந்திருக்கிறார். வீட்டுக்குச் சுவர் இருந்தது. ஓடு இல்லை, கதவு இல்லை, கதவு வைத்த நிலையும் இல்லை. வாப்பாவின் தையல் மெஷின் இருந்த இடத்தில் எருக்கலை முளைத்திருந்தது.

"கதவெல்லாம் எங்கே போனது?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சு என்ன செய்யிறது? அவையளுக்கும் பங்கருக்கு மரம் தேவைதானே."

குத்திக் காட்டினாரா, பெருந்தன்மையாகச் சொன்னாரா என்று இந்த வரியை எழுதும்வரை எனக்கு விளங்கவில்லை. என் சுடிதாரின் கைப்பக்கம் பிரிந்திருந்ததைப் பார்த்து, கேட்காமலே தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

ஆறாம் நாள்: மயிலிட்டி, மறுபடியும் கோண்டாவில்

காலையில் மயிலிட்டித் துறைமுகம். 1990ல் வெளியேறிய மீனவர்களுக்கு 2017ல்தான் கரை திரும்பக் கிடைத்தது. 27 வருடம். முகாமில் பிறந்து, முகாமிலேயே கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்றவர்கள் கடலுக்குத் திரும்பியிருக்கிறார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், "கடல் அப்பிடியேதான் இருக்கு, எங்களுக்குத்தான் நீரோட்டம் மறந்துபோச்சு" என்றார். இன்னும் இருந்திருக்கலாம். வெயில் மண்டையைப் பிளந்தது, பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

நாளைக்குக் காலை ரயில். கொழும்புக்குப் போய் அங்கிருந்து சென்னை. 1990ல் நின்றுபோன யாழ்தேவி 2014 அக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது, அதில் ஒருமுறை போக வேண்டும் என்று ஆசை. சொல்லிக்கொண்டு போகலாம் என்று மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அதே மாமரம், அதே மூன்று கதிரை. உள்ளே தேங்காய் துருவும் சத்தம்.

மாஸ்டர் என் நோட்டை வாங்கிப் புரட்டினார். இரண்டாம் நாள் பக்கத்தில் நின்று, டையோடு படத்தில் ஒரு அம்புக்குறி தலைகீழாக இருப்பதைத் திருத்தினார். அந்தப் படத்துக்குக் கீழேதான் அந்த வரி இருந்தது. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்த, ரேடியோ பாடும். நாலு நாளாக அதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். வைத்தது யார், சுற்றியது யார் என்று அதில் இல்லை. தோன்றா எழுவாய் என்று பள்ளியிலேயே படிக்கிறோம், பரீட்சையில் இரண்டு மார்க்.

"மாஸ்டர், அரை மணி நேரம் பெடலை யார் சுத்தினது?"

அவர் நோட்டை மூடி என்னிடம் தந்தார்.

"பக்கத்து வளவுப் பெடியன்."

வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தவனைத்தான் ஒருநாள் கூப்பிட்டாராம். சுத்தினால் உள்ளே இருந்து கேட்கலாம் என்று. பத்தாம் வகுப்பு. மாஸ்டரிடமே படித்தவன். "கை ஓயாமல் சீராச் சுத்துவான். செய்தி கேட்டபடியே சுத்துவான். குரல் ஒருக்காலும் அமராது." நான் அடுத்ததைக் கேட்கத் தேவை இருக்கவில்லை. "93 இல இயக்கத்துக்குப் போட்டான்." புலிகளோடு சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். "அந்த நேரத்தில ஒரு இரவு அவன் வரேல்ல. வேலியால எட்டிப் பாத்தன். தாய் முத்தத்தில இருந்தா."

மாமரத்திலிருந்து ஒரு பிஞ்சு விழுந்து உருண்டது. அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"அதுக்குப் பிறகு யார் சுத்தினது?"

"அதுக்குப் பிறகு நாங்கள் ரேடியோ கேக்கேல்ல."

உள்ளே துருவும் சத்தம் நின்றது.

"கேட்டனாங்கள்" என்றார் மாஸ்டரின் மனைவி. தேங்காய்த் துருவல் கையில் வழிய, குசினி வாசலுக்கு வந்து நின்றார். "நீங்கள் படுத்திடுவியள். நான் சுத்தினனான். புலிகளின் குரலில பேர் வாசிப்பினம். அவன்ர பேர் வருதோ எண்டு."